பேக்ஸ்பேஸ் தகராறுக்கு ப்ரொஃபைல் வைத்தியம் பார்க்காதீர்கள்!

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான, கொஞ்சம் காரமான பதிவு. எழுதுகிறவன் பி.காம். படித்த பேங்க் ஆபீசர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் "உனக்கு எதுக்கய்யா இந்த வேலை?" என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் கடைசி வரை படித்துவிடுங்கள். அப்புறம் திட்டலாம். :-)

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம் வீடுகளில் இப்போது எஞ்சினியரிங் படிக்காத பிள்ளை அபூர்வம். வீட்டு லேப்டாப்பில் உபுண்டுவோ ஃபெடோராவோ இருக்கும். அதில் ஒரு கறுப்பு டெர்மினல் விண்டோவைத் திறந்து, காலேஜ் சர்வருக்குள்ளோ ஆபீஸ் சர்வருக்குள்ளோ போய் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு எழுத்து தப்பாகிவிடும். பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழியாது. ^? என்றோ, தொப்பி போட்ட எச் என்றோ குப்பை விழும். இன்னொரு நாள் எதையோ அமுக்கித் தொலைத்து விண்டோ அப்படியே கல்லாய்ச் சமைந்துவிடும். மற்றொரு நாள் விண்டோவைப் பெரிதாக்கினால் உள்ளே எடிட்டர் மட்டும் மூலையில் சுருண்டு படுத்திருக்கும்.

உடனே சீனியர் ஒருவர் வருவார். "அது ஒண்ணும் இல்லை, ப்ரொஃபைல் ஃபைலில் இந்த ஒரு வரியைப் போடு, சரியாயிடும்" என்பார். போட்டால் அந்த நிமிஷம் சரியாகவும் ஆகிவிடும். அடுத்த வாரம் வேறு எங்கோ உடையும். அதற்கு இன்னொரு வரி. மூணு வருஷத்தில் அந்த ஃபைல் நம்மூர் மாவட்ட ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மாதிரி ஆகிவிடும். யார் எழுதிய மருந்து எந்த வியாதிக்கு என்று யாருக்கும் தெரியாது.

இந்த வைத்தியமே தப்பு என்பதுதான் என் கட்சி. ப்ரொஃபைல் என்பது ஆளைப் பற்றிய ஃபைல். விண்டோவைப் பற்றிய ஃபைல் அல்ல. விண்டோவின் குணத்தை அங்கே எழுதுவது, போஸ்டிங் ஆர்டர் வருவதற்கு முன்பே போகப்போகிற ஊரின் பின்கோடை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்துக்கொள்வது போல. மூணு வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் வாங்குகிற குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வியாதியின் வேர்

நம்மில் பலர் லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர்கள். ரெமிங்டன் மிஷினில் பேக்ஸ்பேஸ் அடித்தால் என்ன ஆகும்? எழுத்து அழியாது. வண்டி ஒரு இடம் பின்னால் நகரும், அவ்வளவுதான். அடிக்கோடு போட அதைத்தான் பயன்படுத்துவோம். கம்ப்யூட்டரின் எழுத்து அட்டவணையான ஆஸ்கியில் 8 என்ற எண் இந்தப் பேக்ஸ்பேஸுக்குத்தான். அர்த்தம்: "பின்னால் நகர்". அழி என்று அதற்கு அர்த்தமே இல்லை.

அழிப்பதற்கு என்று தனியாக ஒரு எண் இருந்தது: 127, டிலீட். ஏன் 127? அந்தக் காலத்தில் காகித நாடாவில் ஓட்டை போட்டு எழுத்துக்களைச் சேமித்தார்கள். ஒரு எழுத்துக்கு ஏழு ஓட்டை இடம். போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. தப்பான எழுத்தின் மேலே ஏழு ஓட்டையையும் போட்டுவிட்டால் அது 127 ஆகிவிடும். படிக்கிற மிஷின் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். லெட்ஜரில் தப்பான என்ட்ரியை ரப்பரால் அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு இனிஷியல் வைக்கிறோமே, அதே தத்துவம்.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற மிஷின்கள்தான் ஆரம்ப கால யூனிக்ஸுக்குக் கீபோர்டும் அச்சும். இன்றைக்கும் டெர்மினலை யூனிக்ஸ் டிடிஒய் என்று கூப்பிடுவது அந்த டெலிடைப்பின் ஞாபகத்தில்தான். அந்த யூனிக்ஸில் ஒரு எழுத்தை அழிக்க # குறி, முழு வரியையும் அழிக்க @ குறி. 127-க்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்: ஓடுகிற புரோகிராமை நிறுத்து! சிஸ்டம் ஃபைவ் வகை யூனிக்ஸ்களில் இந்த வழக்கம் வெகு காலம் நீடித்தது. லினக்ஸில் நிறுத்துவதற்குக் கன்ட்ரோல்-சி, அழிப்பதற்கு 127.

1978-ல் டெக் கம்பெனியின் விடி-100 டெர்மினல் வந்தது. அதில் பேக்ஸ்பேஸ் ஒரு சாவி, டிலீட் ஒரு சாவி. 1983-ல் வந்த விடி-220-ல் வலது மேல் மூலையில் இருந்த அழிக்கும் சாவி 127 அனுப்பியது. இன்னொரு பக்கம் 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பேக்ஸ்பேஸ் சாவி 8-ஐக் கொடுத்தது. ஒரே மூலையில் இருக்கிற ஒரே சாவி. ஒரு வம்சத்தில் 8, இன்னொரு வம்சத்தில் 127. பிறகு கிராஃபிக் டெஸ்க்டாப் வந்து, அதற்குள் விண்டோவாகவே டெர்மினல் வந்தபோது (1984-ல் தொடங்கிய எக்ஸ்டெர்ம் அதில் மூத்த பிள்ளை) ஒவ்வொருவரும் ஒரு வம்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் விரல் மேல் தப்பில்லை. விண்டோ ஒரு எண்ணை அனுப்புகிறது. மறுபக்கம் இருக்கிற டிடிஒய் வேறொரு எண்ணை எதிர்பார்க்கிறது. ரெண்டும் டேலி ஆகவில்லை. இவ்வளவுதான் வியாதி.

விரல் மேல் தப்பில்லை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்?

ஏனென்றால் இந்த வியாதியில் திட்டு வாங்குவது எப்போதும் விரல்தான்.

2003-ல் நான் ப்ரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து, தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு கிளையில் போட்டிருந்தார்கள். கோர் பேங்கிங் அந்தக் கிளைக்கு இன்னும் வரவில்லை. உள்ளேயே ஒரு யூனிக்ஸ் சர்வர், கவுண்டர்களில் பச்சை எழுத்து டெர்மினல்கள். அதில் நாலு டெர்மினலை எடுத்துவிட்டு, டெர்மினல் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் விண்டோ போட்ட பிசிக்களை வைத்தார்கள். மூணு பழைய டெர்மினல்கள் அப்படியே இருந்தன.

ரிடையர் ஆக ரெண்டு வருஷம் இருந்த ஒரு அம்மா சேவிங்ஸ் கவுண்டரில். அவருக்குப் புது பிசி கிடைத்தது. அன்றிலிருந்து தினம் நாலைந்து முறை அவருடைய என்ட்ரி ஸ்கிரீன் பாதியில் மாயமாகும், மெனுவுக்கு வெளியே வந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கவுண்டரில் க்யூ நீளும், சம்பளத்தை ஊருக்கு டிடி எடுத்து அனுப்ப வந்த தொழிலாளிகள் அரை நாள் கூலி போகிறதே என்று கத்துவார்கள். சப்போர்ட்டுக்கு வந்த பையன் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. "மேடம், டைப் அடிக்கும்போது பார்த்து அடிங்க, கண்ட சாவியை அமுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரம் அந்த அம்மாவுக்கு ‘கவனக்குறைவு’ என்று மெமோ வந்தது.

அந்த அம்மா அமுக்கியது கண்ட சாவியை அல்ல. பேக்ஸ்பேஸை! பழைய டெர்மினலில் அது 8 அனுப்பும், சர்வர் அழிக்கும். புது எமுலேட்டரில் அது 127 அனுப்பும். அந்த சர்வருக்கு 127 என்றால் ‘புரோகிராமை நிறுத்து’. தப்பை ஒழுங்காகத் திருத்தப் போனவரைத்தான் சிஸ்டம் வெளியே தள்ளியது. தப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால் மெமோவே வந்திருக்காது. என்ன கொடுமை இது?

தகராறு பிசி வந்த தேதியிலிருந்துதான், நாலு பிசியில் மட்டும்தான் என்று கவுண்டர்வாரியாக எழுதிக் காட்டிய பிறகு இரண்டாவது ஆள் வந்தார். அவர் பார்த்ததுதான் இந்தப் பதிவில் நான் சண்டைக்கு இழுக்கிற வைத்தியம். எல்லாருக்கும் பொதுவான ப்ரொஃபைல் ஃபைலைத் திறந்து, அழிக்கும் எண் 127, நிறுத்தும் எண் கன்ட்ரோல்-சி என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். நாலு பிசியும் சரியாயிற்று. மூணு பழைய டெர்மினல்களிலும் பேக்ஸ்பேஸ் செத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் அக்கவுண்ட் நம்பர் கட்டத்தில் அழிக்காத எச் எல்லாம் சேர்ந்து, ‘நம்பர் தவறு’ என்று அடி விழ ஆரம்பித்தது.

கடைசியில் மூன்றாவதாக வந்தவர் ப்ரொஃபைலைப் பழையபடி ஆக்கிவிட்டு, பிசிக்களில் எமுலேட்டரின் கீபோர்டு செட்டிங்கில் பேக்ஸ்பேஸ் 127 என்பதை 8 என்று மாற்றினார். ஒரு பிசிக்கு ரெண்டு நிமிஷம். ஏழு கவுண்டரும் அன்றே சரி. அந்த மெமோவை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. அது சர்வீஸ் ஃபைலில் இருந்தபடியேதான் அந்த அம்மா ரிடையர் ஆனார்.

‘ஒரு வரி போட்டா வேலை ஆகுதுல்ல?’ என்பவர்களுக்கு என் பதில் இதுதான். யாருக்கு ஆகிறது? எத்தனை கவுண்டரில் ஆகிறது? ஒரே ப்ரொஃபைல், ரெண்டு வகை விண்டோ என்றால் அந்த ஒரு வரி ஒரு பக்கத்துக்குக் கட்டாயம் பொய்.

பாஸ்புக்கும் லெட்ஜரும்

கைவைப்பதற்கு முன்னால் டேலி பார்க்க வேண்டும். ரெண்டே வேலை.

ஒன்று, டெர்மினல் விண்டோவில் கன்ட்ரோல்-வி அடித்து, உடனே பேக்ஸ்பேஸ் அடியுங்கள். உங்கள் விண்டோ என்ன அனுப்புகிறது என்று திரையில் விழும். ^? வந்தால் 127. தொப்பி எச் வந்தால் 8. இது பாஸ்புக்.

இரண்டு, எஸ்டிடிஒய் என்ற கமாண்டை (செட் டிடிஒய் என்பதன் சுருக்கம்) மைனஸ்-ஏ போட்டு அடியுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் இரேஸ் என்பதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இது லெட்ஜர்.

ரெண்டும் ஒன்றாக இருந்தால் டிடிஒய் பக்கம் தப்பில்லை, ஓடுகிற புரோகிராமைப் பாருங்கள். வேறாக இருந்தால், எந்தப் பக்கம் வழக்கத்துக்கு மாறானது என்று பார்த்து அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு டே-எண்ட் முடிக்கிற கிளையைப் பார்த்திருக்கிறீர்களா? ப்ரொஃபைல் வரி என்பது அந்த சஸ்பென்ஸ் என்ட்ரிதான். அன்றைக்குக் கணக்கு முடியும். ஆடிட்டில் வெளியே வரும்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. "எனக்கு பாஷ் ஷெல்லில் நல்லாத்தானே அழியுது?" என்பார்கள். அழியும். பாஷ் வரியைப் படிக்க ரீட்லைன் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது 8, 127 இரண்டையும் அழிப்பதாகவே எடுத்துக்கொள்ளும். தாராள மனசு. ஆனால் டிடிஒய்யை நேரடியாக நம்புகிற இடங்களில் அந்தத் தாராளம் கிடையாது. லாகின் பாஸ்வேர்டு கேட்கிற இடம் அப்படிப்பட்டது. அங்கே திரையில் ஒன்றும் தெரியாது. நீங்கள் அழித்ததாக நினைத்த பேக்ஸ்பேஸும் ஒரு எழுத்தாகப் பாஸ்வேர்டுக்குள் போய் உட்காரும். மூணு தடவை தப்பு, அக்கவுண்ட் லாக். மறுபடியும் திட்டு யாருக்கு? விரலுக்கு!

ஏன் ப்ரொஃபைல் தப்பான இடம்?

எஞ்சினியரிங் மக்கள் ‘ஆதாரம் எங்கே’ என்பார்கள் என்பதால் கொஞ்சம் உள்ளே போகிறேன்.

ஒரே ஆள், ஒரே டெர்மினல், ஒரு லாகின் என்ற காலத்தில் ப்ரொஃபைலில் எஸ்டிடிஒய் வரி போட்டதில் நியாயம் இருந்தது. லாகின் ஆனதும் ப்ரொஃபைல் ஓடும். அது ஓடுகிற இடமே அந்த டெர்மினல்தான். கிராஃபிக் டெஸ்க்டாப் வந்தபோது இந்தக் கணக்கு உடைந்தது. நீங்கள் லாகின் ஆவது ஒரு படம் போட்ட பெட்டியில். அப்போது டெர்மினல் விண்டோ ஒன்றுகூடப் பிறக்கவில்லை. பல டெஸ்க்டாப்களில் ப்ரொஃபைல் அந்த நேரத்தில் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும். அதில் எஸ்டிடிஒய் இருந்தால், ‘எந்த டெர்மினலை மாற்றச் சொல்கிறாய்? இங்கே ஒன்றுமே இல்லையே’ என்று புலம்பிவிட்டு ஓய்ந்துவிடும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. எச்பி, ஐபிஎம், சன் எல்லாம் கூட்டுச் சேர்ந்து 1990-களில் கொண்டுவந்த சிடிஇ என்ற டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய யூனிக்ஸ் மிஷின்களின் பொது முகமாக இருந்தது. 2012-ல் ஓப்பன் சோர்ஸாகவும் வெளிவந்தது. அதில் டெஸ்க்டாப்புக்கென்றே டிடி-ப்ரொஃபைல் என்று தனி ஃபைல். ‘பழைய ப்ரொஃபைலையும் படி’ என்று அதில் ஒரு வரியால் சொல்லலாம். ஆனால் கூடவே எச்சரிக்கை: பழைய ப்ரொஃபைலில் எஸ்டிடிஒய் மாதிரி டெர்மினல் கேட்கிற கமாண்டுகள் இருந்தால், டெஸ்க்டாப் லாகினில் அவை ஓடாதபடி வேலி போட்டு வை என்று. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நம் சீனியர்கள்தான் படிக்கவில்லை.

அப்புறம், ஒவ்வொரு விண்டோவும் ஒரு புது டிடிஒய். தனி வீடு. ஒரு வீட்டில் மாற்றியது பக்கத்து வீட்டுக்குப் போகாது. ட்ரான்ஸ்ஃபரில் போகிறவர்களுக்குத் தெரியும்: போன ஊரில் கட்டிய கரண்ட் பில் இந்த ஊர் மீட்டரில் ஏறாது. விண்டோவுக்குள் ஓடுகிற ஷெல்லும் பெரும்பாலும் லாகின் ஷெல் அல்ல. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் சாதாரணமாக பாஷ்-ஆர்சி ஃபைலைத்தான் அது படிக்கும். மாக்கில் டெர்மினல் விண்டோ லாகின் ஷெல்லாகவே திறக்கும். ஒரே வரி, ஒரு மிஷினில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

"சரி, பாஷ்-ஆர்சியிலேயே போட்டுட்டா?" என்று குறுக்கே கேட்பவர்களுக்கு: வெளியூர் சர்வரில் ஒரு கமாண்டை மட்டும் ஓட்டச் சொல்லும்போதும் பாஷ் அந்த ஃபைலைப் படிக்கும். அங்கே டெர்மினலே கிடையாது. எஸ்டிடிஒய் அங்கேயும் புலம்பும். கூடவே அந்த ஃபைல் எதையாவது திரையில் எழுதப் போனால், நடக்கிற ஃபைல் காப்பியே அறுந்துபோகலாம்.

அடுத்த பொய்: ‘நான்தான் விடி-100’

டெர்ம் என்று ஒரு வேரியபிள் உண்டு. ‘நான் இன்ன வகை டெர்மினல்’ என்று விண்டோ கொடுக்கிற அடையாள அட்டை. அதை வைத்துத்தான் எடிட்டர் போன்ற புரோகிராம்கள் ‘இவருக்குக் கலர் தெரியுமா, திரையை எப்படித் துடைப்பது, எஃப்-1 சாவி என்ன அனுப்பும்’ என்று டெர்ம்-இன்ஃபோ பட்டியலில் தேடும். 1978 வாக்கில் பில் ஜாய் விஐ எடிட்டருக்காக எழுதிய டெர்ம்கேப் பட்டியலின் வாரிசு அது.

புதுசாக வந்த டெர்மினல்கள் சில தமக்கென்று தனிப் பெயர் வைத்துக்கொள்கின்றன. பழைய சர்வருக்கு அந்தப் பெயர் தெரியாது. ‘யாரய்யா நீ?’ என்று கேட்கும். உடனே நம்மாட்கள், "மாமா, டெர்ம் ஈக்வல் டு விடி-ஹண்ட்ரட்னு ப்ரொஃபைல்ல போட்டா ஓடும் மாமா" என்கிறார்கள். ஓடும் கண்ணா, நொண்டிக்கொண்டு ஓடும். கலர் போகும், எஃப் வரிசை சாவிகள் பல போகும். இதற்கு நேர்மாறாக, எல்லா இடத்திலும் நான் 256 கலர் எக்ஸ்டெர்ம் என்று ப்ரொஃபைலில் அடித்து வைப்பவர்கள் இன்னொரு ரகம். டீமக்ஸ் ஓட்டினால் உள்ளே அடையாள அட்டை வேறாக இருக்க வேண்டும். அதன் மேல் இவர்கள் பழைய அட்டையை ஒட்டுவார்கள். திரை குழம்பும்.

நேர்மையான வழி இருக்கிறது. உங்கள் மிஷினில் இன்ஃபோ-சிஎம்பி என்ற கமாண்ட் உங்கள் டெர்மினலின் விவரத்தை எழுத்தில் கொடுக்கும். அதை அந்த சர்வரில் டிக் என்ற கமாண்டிடம் கொடுத்தால், உங்கள் ஹோம் டைரக்டரியிலேயே பதிவாகிவிடும். ரூட் பாஸ்வேர்டுகூட வேண்டாம். புது ஊருக்குப் போனால் பொய் விலாசம் கொடுக்காமல் கேஒய்சி கொடுப்பது மாதிரி. ஒரு தடவைதான் வேலை.

விண்டோ அளவும் இதே கதைதான். விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் புது அளவு கெர்னலுக்குப் போகும், ஓடுகிற புரோகிராமுக்கு சிக்னல் வரும், அது திரையைத் திருப்பி வரையும். எஸ்எஸ்எச் வழியாகப் போனாலும் அளவு கூடவே போகும். ஆனால் யாரோ எப்போதோ ப்ரொஃபைலில் 24 வரி, 80 பத்தி என்று எழுதி எக்ஸ்போர்ட் செய்திருந்தால், சில புரோகிராம்கள் கெர்னலை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் நம்பும். மூலையில் சுருண்டு படுக்கிற எடிட்டருக்கு இது ஒரு முக்கியக் காரணம். வைத்தியம்: புது வரி சேர்ப்பது அல்ல, பழைய வரியை நீக்குவது.

தமிழ் அடிக்கும் வீடுகளுக்கு

நம் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. டெர்மினலில் தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்கள், குறிப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘அம்மா’ என்ற சொல் யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 குறிகள். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 15 பைட். டிடிஒய்க்கு இது தெரியாவிட்டால், ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரே ஒரு பைட்டை மட்டும் பிய்த்து எடுக்கும். மூன்றில் ரெண்டு பங்கு துணைக்கால் உள்ளேயே கிடக்கும். திரையில் எல்லாம் சுத்தம், உள்ளே குப்பை.

இதற்காகவே 2004-ல் லினக்ஸ் 2.6.4 கெர்னலில் ஐ-யூடிஎஃப்-8 என்ற கொடி வந்தது. எஸ்டிடிஒய் பட்டியலில் அதன் முன்னால் மைனஸ் குறி இருந்தால் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்எச் வழியாக இந்தக் கொடியையும் கொண்டுபோவதற்கு 2017-ல்தான் விதி (ஆர்எஃப்சி 8160) எழுதினார்கள். அது வந்த பிறகும் கெர்னல் குறிக்கு ஒரு கட்டம் என்றே கணக்கு வைக்கிறது. நம் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது. எழுத்தின் தலைமேல் உட்காரும். அதனால் புள்ளி வைத்த சொல்லை அழித்தால் கர்சர் ஒரு அடி அதிகமாகவே பின்னால் போகும். ‘தமிழ்ல அடிச்சா அப்படித்தான், இங்கிலீஷ்ல அடி’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நம் மொழியில் ஒரு குறையும் இல்லை. டெலிடைப் காலத்துக் கட்டக் கணக்கில்தான் குறை.

சரி, என்னதான் செய்வது?

திட்டியது போதும். இதுதான் நான் நியாயம் என்று நினைப்பது:

1. சாவி அனுப்புகிற எண் விண்டோவின் சொத்து. விண்டோவின் ப்ரெஃபரன்ஸில் மாற்றுங்கள். க்னோம் டெர்மினலில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் பேக்ஸ்பேஸ் என்ன அனுப்ப வேண்டும் என்று ஒரு தேர்வு உண்டு. புட்டியில் டெர்மினல், கீபோர்டு என்ற பகுதியில் கன்ட்ரோல்-எச்சா 127-ஆ என்று கேட்கும். ஒரே ஒரு பழைய சர்வர் மட்டும் 8 கேட்டால், அந்த சர்வருக்கு மட்டும் தனி செஷன் சேமித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் உலகத்தில் 127-தான் ஊர் வழக்கம்; டெபியன் தன் கொள்கை ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது.

2. டெர்ம் பெயர் விண்டோவின் சொத்து. விண்டோ தானே சொல்லட்டும். ப்ரொஃபைலில் இருக்கிற டெர்ம் வரிகளை நீக்குங்கள்.

3. திரை குழம்பிப் போனால் (டெக்ஸ்ட் அல்லாத ஃபைலைத் திறந்தால் எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறிவிடும்) ரீசெட் என்று அடியுங்கள். அடிப்பது தெரியாவிட்டாலும் அடியுங்கள். என்டர் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல்-ஜே, பிறகு எஸ்டிடிஒய் சேன், மறுபடி கன்ட்ரோல்-ஜே.

4. விண்டோ கல்லாகிவிட்டால் முதலில் கன்ட்ரோல்-க்யூ. நீங்கள் தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் அமுக்கியிருப்பீர்கள். ‘நிறுத்து, நான் சொல்லும்போது அனுப்பு’ என்ற டெலிடைப் காலத்துச் சைகை அது.

5. பாஸ்வேர்டு அடிக்கும்போது தப்பு வந்தால் பேக்ஸ்பேஸை நம்பாமல் கன்ட்ரோல்-யூ. முழு வரியும் போய்விடும், முதலிலிருந்து அடிக்கலாம்.

6. விண்டோ செட்டிங்கை மாற்றவே முடியாத நிலைமையா? அப்போது மட்டும் பாஷ்-ஆர்சியில் எஸ்டிடிஒய் வரி போடுங்கள். ஆனால் ரெண்டு வேலி கட்டுங்கள்: ஷெல் நேரடியாக ஆள் உட்கார்ந்து பேசுகிற ஷெல்லா, எதிரே உண்மையிலேயே டெர்மினல் இருக்கிறதா. பக்கத்தில் ஒரு கமெண்ட்: தேதி, எதற்காக, எந்த விண்டோவுக்காக. வவுச்சர் இல்லாத என்ட்ரி வேண்டாம்.

‘இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? விண்டோவை மூடிட்டுப் புதுசா திறந்தா சரியாயிடுது’ என்பவர்களும் உண்டு. உண்மைதான், புது விண்டோ என்றால் புது டிடிஒய். ஆனால் உள்ளே ரெண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்து சாகும். வாசல் கதவு மாட்டிக்கொண்டது என்று வீட்டையே காலி செய்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு எங்கேயாவது சப்போர்ட் எஞ்சினியராகப் போவார்கள். கவுண்டரில் யாரோ ஒரு அம்மா "தம்பி, அழியலைப்பா" என்று கூப்பிடுவார். ‘பார்த்து அடிங்க மேடம்’ என்று சொல்வதற்கு முன்னால், கன்ட்ரோல்-வி அடித்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மெமோவைக் கிழிப்பதைவிட, எழுதாமல் தடுப்பது சுலபம்.

பி.கு.: ப்ரொஃபைலில் பாத், மொழி, பிடித்த எடிட்டர் எல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அவை ஆளுடைய சொத்து, எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். விண்டோவுடையதை விண்டோவிடம் விட்டுவிடுங்கள்.